ஐந்தாவது தகடு

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு ‘ஆமை அக்கா’ என்று பெயர். ஒரு திருகைப் பொருத்தினால் இரண்டு முறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த திருகு. கடைக்கு அது நல்லது. துப்பாக்கி சுடும் மன்றத்தில் அதுவே வினையாயிற்று.

அங்கே ஐந்து இரும்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். மணி அடித்ததும் கடிகாரம் ஓடும். கடைசித் தகட்டில் குண்டு பட்டால்தான் நிற்கும். அக்கா ஒரு தகடு சாய்வதைக் கண்ணாரப் பார்த்த பிறகே அடுத்ததற்குத் திரும்புவாள். குறி தப்பியதே இல்லை. நேரம் மட்டும் எட்டு வினாடி. மன்றத்தின் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்கு எதிராளி அவளுடைய நாத்தனார், பேருந்து நடத்துநர். அவளுக்கு ஆறே வினாடி.

“அண்ணி, நீங்க சுட்டு முடிக்கிறதுக்குள்ள என் பஸ்ஸு ரெண்டு ஸ்டாப் தாண்டிடும்.”

“தாண்டட்டும்டி. தேர்வுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு.”

அன்று முதல் அக்கா வீட்டில் பம்பரமாய்ச் சுழன்றாள். கூடத்தில் ஐந்து வட்டக் காகிதங்களை ஒட்டினாள். துப்பாக்கிக்குப் பதில், கண்ணாடி துடைக்கும் மருந்தைப் பீச்சும் காலிப் புட்டி. அடித்ததைப் பார்க்காதே, அடுத்ததைப் பார்: இதுதான் மந்திரம். பால் பொங்குவதற்குள் ஐந்து சுற்று. ஒருநாள் கணவனுக்குச் சோறு போட்டு, விழுந்ததா என்று பாராமலே தண்ணீர்ச் செம்புக்குத் திரும்பினாள். சோறு அவன் மடியில் கிடந்தது.

“வேகம் வந்துடுச்சு. குறிதான் போயிடுச்சு” என்றான் அவன், மடியிலிருந்தே அள்ளித் தின்றபடி.

ஐந்தாவது காகிதம் அவன் நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது. ஆள் இருக்கும் பக்கம் காலிப் புட்டியைக்கூட நீட்டக் கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி. அவன் உட்கார்ந்திருந்தால் நான்கோடு நிறுத்திக்கொள்வாள். அவன் எப்போதும் உட்கார்ந்தேயிருந்தான்.

“கொஞ்சம் எந்திரிங்களேன்.”

“நியூஸ் ஓடுதுல்ல? நாலு போதும் போ.”

வரும்போதெல்லாம் இந்தக் கூத்தைப் பார்த்து நாத்தனார் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

தேர்வு நாளில் நாத்தனார் முதலில் சுட்டாள். ஐந்து புள்ளி எட்டு. அடுத்து அக்கா. மணி அடித்தது. டங், டங், டங், டங்! மூன்று வினாடிக்குள் நான்கு தகடுகள் சாய்ந்தன. பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். அக்கா துப்பாக்கியைத் தாழ்த்தி, முகம் மலர நின்றாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சும்மா இருந்தால் இடம் அவளுக்கு. ஆனால் சிரிப்பு விரலிடுக்கில் பீறிட்டது.

“அண்ணி! அண்ணன் நாற்காலிய விட்டு எந்திரிச்சாச்சு!”

நெரிசல் பேருந்தில் பழகிய குரல். காதுக்கவசத்தைத் துளைத்துப் போயிற்று. டங்! ஐந்து புள்ளி ஆறு.

“பின்னாலேர்ந்து சொல்லிக்குடுக்கக் கூடாதும்மா” என்று செயலாளர் விதிப்புத்தகத்தை எடுத்தார்.

“நான் எங்க சார் சொல்லிக்குடுத்தேன்? எங்க அண்ணனப் பத்திப் பேசினேன். அதுவும் தப்பா?”

புகார் சொல்ல வேண்டியவளே இப்படிச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? புத்தகத்தை மூடினார்.

“ஏன்டி கத்தினே? இடம் உனக்கு வந்திருக்குமே.”

“அடக்கியிருந்தா வெடிச்சிருப்பேன் அண்ணி.”

அன்று மாலை இருவருமாக நாற்காலியை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டார்கள். அவன் அதில் உட்கார்ந்துதான் இருந்தான், செய்தி ஓடிக்கொண்டிருந்தது.