இடது காதின் சூடு

அன்று அந்தப் பரிசோதனை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, ஆட்டோவில் எங்களைக் கூட்டிவந்த அவள் தம்பி, நோயாளிகளின் தலையில் ஒயர் ஒட்டும் பெண்.

தொட்டியத்திலிருந்து வரும் வாழை இலையை ஸ்ரீரங்கத்துச் சமையல்காரர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. இலை என் கண்ணில்கூடப் படாது, எல்லாம் போனில்தான். விடிந்ததும் இடது காதில் வைத்தால், பொழுது சாயும்போது காது கொதிக்கும். சில மாதமாக அந்தப் பக்கம் ஒரே ரீங்காரம். ஆட்களின் பெயர் வேறு மறந்து போகிறது. ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். போன் கதிர்வீச்சு மூளையைச் சுடுகிறது என்று வந்த வீடியோவையெல்லாம் நம்பினேன். அவற்றையும் அந்தப் போனில்தான் பார்த்தேன். மூளை கெட்டிருந்தால் போனை விட வேண்டும். போனை விட்டால் சோறு இல்லை. மூளையின் அலையைப் பதிவு செய்து பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

என் தலையைத் தொட்டதுமே அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது, இவ்வளவு எண்ணெய்? ஒயர் எப்படி ஒட்டும்?"

"போன் சூடுங்க. அதான் விளக்கெண்ணெய் வச்சுவிட்டேன்," என்றாள் மனைவி. "சூட்டோட பாத்தா மெஷின் தப்பா காட்டிடாது?"

"வறுக்கிறதுக்கு ரெடி பண்ணிக் கொண்டாந்திருக்கியேக்கா மாமாவ," என்றான் மச்சினன்.

கீழே குழாயடியில் ஷாம்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது. திரும்பி வந்து படுத்தேன்.

"போனை அவங்ககிட்ட குடுத்துடுங்க. பதிவு கலங்கும்," என்றாள் அந்தப் பெண்.

போனை மனைவியிடம் கொடுத்தபடி கேட்டேன். "மெஷினையே கலக்குதுன்னா என் தலைய விடுமாம்மா?"

"இது ரொம்பச் சின்ன மின்சாரத்தைப் பிடிக்கிற மெஷினுங்க. பக்கத்துல ஓடுற ஃபேன்கூடக் கலக்கும். பேசாம கண்ண மூடுங்க."

சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு, அலை சரியாகவே இருக்கிறது என்றார். போன் பேசும்போது அலையில் லேசான மாற்றம் வருவதாகச் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். அதனால் கெடுதல் என்று இதுவரை உறுதியாகவில்லை. எனக்குத் தூக்கம்தான் போதவில்லையாம். ரீங்காரத்துக்குக் காது டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

என் மனம் 'லேசான மாற்றம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது.

வாசலுக்கு வந்ததும் மனைவி போனை நீட்டினாள். சமையல்காரர் ஒருவர் விடாமல் கூப்பிட்டிருந்தார். வலது காதில் வைத்துக்கொண்டேன். பரிசோதனைக்கு மச்சினன்தான் பணம் கட்டியிருந்தான். அதை அடைக்கவும் நான் பேசித்தான் ஆக வேண்டும். இதுவரை பேசிப் பேசிக் கொஞ்சம் அடைத்திருக்கிறேன். இன்னும் பாக்கி ஆயிரத்து நானூறு ரூபாய்.