செல்லாத மார்க்

போருக்குப் பிறகு ஜெர்மனியின் பணமும் இரண்டாகிவிட்டது. கிழக்குக்கு ஒரு மார்க், மேற்குக்கு வேறு மார்க். மேற்கு பெர்லினில் ஆராய்ச்சி செய்யும் நான், 1968 குளிர்காலத்தில், கிழக்கிலுள்ள ஹாலே நகர ஆவணக் காப்பகத்தில், தமிழகம் வந்த ஜெர்மன் பாதிரிமார் சேர்த்துவைத்த பழைய தமிழ்க் கடிதங்களைப் படித்துவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் மதியம், காய்ச்சலில் கிடந்த எங்கள் ஒரு வயது மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, கண்ணு மேல சொருகுது! ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க!" என்று மனைவி அலறினாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினேன். போட்ட காசு உடனே கீழே வந்து விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் விழுந்தது. பெட்டியைக் கையால் குத்தினேன். வாய்விட்டு அழுதேன்.

வெளியே காத்திருந்த ஜெர்மன் பெண்மணி கதவைத் திறந்து என் உள்ளங்கையைப் பார்த்தார். "இது கிழக்குக் காசு, இங்கே எடுக்காது" என்றவர், என்னிடம் விவரம் கேட்டு, தன் காசைப் போட்டு அவரே ஆம்புலன்ஸை அழைத்தார்.

மகள் பிழைத்துக்கொண்டாள். கிழக்குக் காசை மேற்குக்குக் கொண்டுவரக் கூடாது; எல்லையிலேயே மீதிச் சில்லறையைக் கொடுத்துவிடாமல் வந்தது என் சோம்பல்.

இப்போது ஹாலேயிலிருந்து கிளம்பும்போதே கோட்டுப் பைகளைக் காலி செய்துவிடுகிறேன். தொலைபேசிக்கான மேற்குக் காசுகள் வாசற்கதவருகே ஒரு டப்பாவில் இருக்கின்றன. பால் வாங்கச் சில்லறை இல்லாத நாளிலும் என் மனைவி அதைத் தொடுவதில்லை.