இருபது குறைய வேண்டும்

1961 மார்ச் 6, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. கிணற்றிலிருந்து ஏழாவது வாளியை இழுக்கும்போது என் வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் புடைத்தது. படுத்தால் உள்ளே போயிற்று. எழுந்தால் வந்தது.

மறுநாள் டாக்டர் அழுத்திப் பார்த்து, குடலிறக்கம் (வயிற்றுச் சுவர் தளர்ந்த இடத்தில் குடல் பிதுங்குவது) என்றார். ஆபரேஷன் செய்தால் சரியாகும். இந்தத் தொப்பையோடு தைத்தால் தையல் நிற்காது.

"இருபதாவது குறைச்சிட்டு வாங்க சார். அதுவரைக்கும் பட்டை கட்டிக்குங்க. வீக்கம் உள்ள போகாம நின்னு வலிச்சா உடனே ஓடியாரணும். குடல் சிக்கிக்கிட்டா உசுருக்கே ஆபத்து."

அவரிடம் எடை பார்க்கும் இயந்திரம் இல்லை. முந்தைய ஆண்டுதான் நான் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அங்கே போய்ச் சரக்கு நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். 85 கிலோ. ரயில்வேயில் அப்போதுதான் கிலோ வந்திருந்தது. கடைசி வருடம் முழுக்க அதையே எழுதியவன் நான். எண்பத்தைந்தில் இருபது போனால் அறுபத்தைந்து. காலண்டரில் குறித்தேன்.

காலையில் ஓர் இட்லி. மதியம் ஒரு பிடி சோறு, மோர். இரவு கோதுமைக் கஞ்சி. தோல் பட்டை இடுப்பை அறுத்தது. இருமப் பயம், சிரிக்கப் பயம், குந்தி உட்காரப் பயம். தெருமுனையைத் தாண்டினால் வீக்கம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் வண்டி பிடித்துத் தராசுக்குப் போனேன். மற்ற நாட்களில் என் உடம்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தேன்.

"எழுவத்தேழு, எழுவத்தாறுன்னு ஏலமா விடுறீங்க? இம்புட்டுக் கஞ்சியில கோழிகூட முட்டையிடாது" என்றாள் மனைவி காமாட்சி.

"ஒனக்குக் கணக்குத் தெரியாது. சும்மா இரு" என்றேன்.

மே 5, ஐம்பத்தொன்பதாம் நாள். தராசு 75 காட்டியது. இறங்கினேன், கண் இருட்டியது. பழைய சகாக்கள் குதிரை வண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். காமாட்சியும் ஓடி வந்தாள்.

"எம்புட்டு கொறஞ்சிருக்கு?" என்றார் டாக்டர்.

"பத்துத்தான். இன்னும் பாதி பாக்கி."

"பத்து ராத்தலா?"

"கிலோ, டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ராத்தல்ல சொன்னேன், சார்!"

"வெங்காயம் வாங்கினா நாலு தடவை கேப்பீங்களே, இதை ஒரு தடவை கேக்கப்படாதா?" என்று அழுதாள் காமாட்சி.

ஒரு கிலோ என்பது ஏறக்குறைய இரண்டேகால் ராத்தல். அவர் கேட்டது ஒன்பது கிலோதான்.

"அறுபத்தஞ்சு கிலோவுல கடைசியா எப்ப இருந்தீங்க?"

"கல்யாணத்தன்னைக்கு."

"மறுபடியும் மாப்பிள்ளையாகவா சொன்னேன்?"

அவர் சிரித்தார். பிறகு என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. இரத்தசோகை (இரத்தத்தில் சிவப்பணு குறைவது). இந்த நிலையில் கத்தி வைக்க முடியாது. ஆறு வாரம் சாப்பிட்டுத் தேற வேண்டும். அந்த ஆறு வாரமும் அதே பட்டைக்குள் இருந்தேன். ஒவ்வொரு இருமலின்போதும் இதுதான் கடைசியோ என்று நினைத்தேன்.

ஜூன் 19 அன்று மதுரையில் ஆபரேஷன் நடந்தது. தையல் நின்றது.

ஏழு வருடம் ஆயிற்று. இப்போது 77 கிலோ. எழுபத்தெட்டைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் என் இலக்கு. மூன்று வேளையும் உண்டு காப்பாற்றக்கூடிய எண் அது. எடை குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், எவ்வளவு என்பதோடு எதில் என்றும், எத்தனை மாதத்தில் என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்றும் இருமல் வருவதற்கு முன்னால் என் கை தானாக வலது தொடை இடுக்குக்குப் போகிறது. வீக்கம் போனது கைக்குத் தெரியவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமைதான் தராசில் ஏறுகிறேன்; வாரம் எனக்கு அன்றுதான் பிறக்கிறது.

பழைய காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 28-இல் 76 கிலோ. ஒன்பது கிலோ அன்றே குறைந்துவிட்டது; அன்றே டாக்டரிடம் போயிருக்கலாம். அதிலிருந்து ஆபரேஷன் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கழித்தவை ஐம்பத்திரண்டு நாட்கள்.