தேவையில்லாத பேக்ஸ்லாஷ்

கொல்கத்தா நியூ டவுன் அலுவலகத்தில், எங்கள் குழுவில் தமிழர்கள் நானும் மூத்த புரோகிராமர் ஒருவரும்தான். ஏசிக்குப் பயந்து மே மாதத்திலும் காதுவரை மஃப்ளர் சுற்றியிருப்பார். எழுத்துகளைத் தேடும் ரீஜெக்ஸ் வரி எழுதினால் கமாவுக்கு முன்னால்கூட பேக்ஸ்லாஷ் என்ற சாய்கோட்டைப் போடுவார். புள்ளிக்குப் போடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அது எந்த எழுத்தையும் குறித்துவிடும். கமாவுக்கு அவசியமே இல்லை.

அவருடைய புரோகிராமைச் சரிபார்க்கும் வேலை ஒருமுறை எனக்கு வந்தது. வேண்டாத பேக்ஸ்லாஷ்களை அழித்துவிட்டு, "எதுக்கு சார் எல்லாத்துக்கும் போடறீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டு கம்ப்யூட்டர்ல, புள்ளியில ஆரம்பிக்கற குப்பை ஃபைலை மட்டும் அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். புள்ளிக்கு முன்னால இதைப் போட மறந்துட்டேன். எல்லா ஃபைலும் போயிடுச்சு. என் ஒய்ஃப் ஆஸ்பத்திரியில இருந்தப்ப பேசினதை அதுலதான் ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன். அவ போனதுக்கப்புறம் எனக்கு அது ஒண்ணுதான் இருந்தது."

"என்ன பேசியிருந்தாங்க?"

"கரியாஹாட் மார்க்கெட்ல கத்திரிக்காய் வாங்கினா அமுக்கிப் பாத்து வாங்குங்கன்னு. வார்த்தையெல்லாம் ஞாபகம் இருக்கு. குரல்தான் வரமாட்டேங்குது."

மஃப்ளரை இறுக்கிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார். நான் அழித்த பேக்ஸ்லாஷ்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுவைத்தேன்.