மூன்று முறை வடிகட்டிய கூழ்

என் மனைவி குவைத்துக்குப் போன வருஷம் நான் எங்கேயும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. சாப்பிட்டதுகூட நின்றுகொண்டுதான். சித்தூரில் ஒரே அறை உள்ள வாடகை வீடு. அதில் நானும் ஏழு மாதப் பெண் குழந்தையும். சத்தியவேடு பக்கத்து எங்கள் ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருவர் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு விசா வர நாளாகும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். அதனால் அவள் போனாள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பஸ் ஏறும்போது அவள் கேட்டது ஒன்றுதான். "பாப்பா வயித்த மட்டும் பாத்துக்க மாமா. வேற ஒண்ணும் நான் கேக்கல." பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். குழந்தையின் வயிற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அவள் வேலை செய்த வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. அது குடிக்கும் பால் பவுடரில் இரண்டு டின் வாங்கி, லீவில் வந்த வரதய்யபாளையத்துப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினாள். அந்தப் பெண் சென்னையில் இறங்கி வேனில் வருகிறாள் என்று தெரிந்து, சத்தியவேடு மெயின் ரோட்டில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்று வாங்கி வந்தேன். டின்னில் ஒரு பக்கம் அரபி, மறு பக்கம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்ததில் ப்ரீபயோடிக் என்று ஒரு வார்த்தை பெரிதாக இருந்தது. என்னவோ உசத்தியான சமாச்சாரம் என்று மட்டும் புரிந்தது. தெருவில் எல்லோருக்கும் டின்னைக் காட்டினேன்.

குழந்தைக்கும் அது ஒத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, பாப்பா வெளிக்குப் போனாளா என்று கேட்பாள். பூத்துக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் வெட்கப்பட்டுக்கொண்டே நிறமும் பதமும் உள்பட எல்லாம் சொல்வேன்.

டின் இரண்டும் தீர்ந்தன. அந்தப் பவுடர் சித்தூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அடுத்து யார் லீவில் வருவார்கள் என்றும் தெரியவில்லை. இதை அவளிடம் சொன்னால் அங்கே சோறு இறங்காது, எதற்கு என்று மறைத்தேன். இன்னும் டின் இருக்கிறது என்றேன். முதல் பொய் அது. அதற்கப்புறம் சரளமாக வந்தது.

டின் பாலுக்குப் பதிலாகக் கேழ்வரகு என்று முடிவு செய்தேன். ஆனால் எங்கள் ஊரில் கூலிக்குப் போகிறவர்கள் கரைத்துக் குடிக்கும் அந்தக் கறுத்த கூழைக் குவைத் டின் குடித்த குழந்தைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அந்தக் கூழிலேயே வளர்ந்தவன்தான் நான். இருந்தாலும் வறட்டு ஜம்பம் விடவில்லை. தானியத்தை ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து பாலெடுத்தேன். ஒரு தடவை பிழிந்தது போதாது என்று மறுபடி, அதுவும் போதாது என்று மெல்லிய வாயில் புடவைத் துணியில் மூன்றாவது தடவை. பால் வெள்ளையாக வரும். காய்ச்சினால் பளபளவென்று டின் பால் மாதிரியே நிற்கும்.

இந்தப் புத்தி எனக்கு வேலை செய்த இடத்தில் வந்தது. நான் இருந்தது ஒரு மாம்பழக் குஜ்ஜு கம்பெனி. பழத்தைக் கூழாக்கி டிரம்மில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். என் வேலை சல்லடை மெஷினில். கண்ணாடித் தட்டில் ஒரு கரண்டி குஜ்ஜை ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம், ஒரு இழை நார் தெரிந்தாலும் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். நார் இல்லாததுதான் நல்ல சரக்கு. அங்கே நான் கெட்டிக்காரன் என்று பெயர். வீட்டிலும் கூழை ஒரு தட்டில் ஊற்றி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பேன், ஒரு பொட்டு உமி இருக்காது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொள்வேன். பிழிந்த சக்கையை அடுத்த தெருவில் இருந்த என் அக்காவின் மாட்டுக்குக் கொட்டுவேன். நான் வேலைக்குப் போகும் நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அக்காதான், அவளும் கூழின் வெள்ளையைப் பார்த்து அசந்துபோனாள்.

மாட்டுக்கு வயிறு நன்றாக இருந்தது. குழந்தைக்கு இறுகிவிட்டது.

இரண்டு நாள் வெளிக்குப் போகவில்லை. சரியாகிவிடும் என்றாள் அக்கா. மூன்றாம் நாள் குழந்தை முக்கி முக்கி அழுதாள், முகம் சிவந்து, காலை மடக்கி. வெற்றிலைக் காம்பு, வெந்நீர் ஒத்தடம், எதற்கும் அசையவில்லை. தோளில் போட்டுக்கொண்டு அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். அவள் கொஞ்சம் ஓய்ந்தால் நான் ஓய மாட்டேன், வயிற்றைத் தொட்டுப் பார்த்து மறுபடி எழுப்பிவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை போனில் எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றேன். சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் துணியில் ஒரு சொட்டு ரத்தம். கம்பெனிக்குச் சொல்லக்கூட இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறிவிட்டேன், அங்கே குழந்தைகளுக்கு நல்ல டாக்டரம்மா இருப்பதாக அக்கா கேள்விப்பட்டிருந்தாள். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். மொட்டை போடப் போகும் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு தூங்கி வழிந்தன. அவர்கள்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

டாக்டரம்மா தெலுங்கில் விசாரித்தார். பயப்படும்படி இல்லை, இறுகிப்போய் வருவதால் கிழித்திருக்கிறது என்றார். என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். பயம் கொஞ்சம் இறங்கியதும் ஜம்பம் ஏறியது. முதலில் ப்ரீபயோடிக் என்று போட்ட குவைத் டின், இப்போது மூன்று தடவை வடிகட்டிய கேழ்வரகுப் பால், சக்கையெல்லாம் மாட்டுக்கு, நார் என்ற பேச்சே கிடையாது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

டின்னில் போட்டிருந்த அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். குழந்தையின் குடலில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, குழந்தைக்குச் செரிக்காத சில நார்கள்தான் அதுகளுக்குச் சாப்பாடு, அந்தச் சாப்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். தாய்ப்பாலில் அது தானாகவே இருக்கிறது. டின்னில் அதைத் தனியாகச் சேர்க்கிறார்கள். தானியத்தில் தோலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நீ பிழிந்து கொட்டியதில் பாதி அதுதான் என்றார். பிறகு, நான் மறக்கக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, தமிழில் சொன்னார்: "மாட்டுக்குப் போட்டதைக் குழந்தைக்குக் குடு."

மருந்து ஒன்று எழுதினார். மாவைச் சலிக்காமல் காய்ச்சு, பருப்பும் கீரையும் மசித்துப் போடு, கனிந்த வாழைப்பழம், நடுநடுவே தண்ணீர் என்று அடுக்கினார். எனக்குப் பாதி காதில் விழவில்லை. உசத்தி என்று தெருவெல்லாம் காட்டிய சமாச்சாரத்தை என் கையாலேயே பிழிந்து கொட்டியிருக்கிறேன். அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது, அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

கறுத்த கூழைக் குழந்தை முதலில் துப்பினாள். வாழைப்பழத்தோடு பிசைந்து கொடுத்ததும் ஒரு மாதிரி யோசித்துவிட்டு விழுங்கினாள். மூன்றாம் நாள் காலை, அழாமல், என் மடியிலேயே போய்விட்டாள். லுங்கி முழுக்க. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை. லுங்கி நாற்றத்தோடு அன்றைக்குத்தான் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டாள். போனாள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. டின் தீர்ந்தது, வடிகட்டியது, ரத்தம், திருப்பதி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். பூத்துக்காரர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கம்பியில் இரைச்சல் மட்டும் வந்தது.

"இன்னா, கேக்குதா?" என்றேன்.

"கேக்குது மாமா," என்றாள். "வந்த புதுசுல எனக்குப் பால் கட்டிக்கினு நெஞ்சு கல்லாயிடுச்சு. பாத்ரூம்ல கதவ சாத்திக்கினு பீச்சிப் பீச்சி ஊத்தினேன். பதினெட்டு நாளு. உங்கிட்ட சொல்லல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். என் இடுப்பில் இருந்த குழந்தை வயரைப் பிடித்து இழுத்தாள். அவள் சத்தம் அங்கே கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு என்ன துன்னாள் என்று கேட்டாள் என் மனைவி.