கண்டக்டர் சொல்லாத ஊர்

வேனில் முன் சீட்டில் சரஸ்வதி அக்கா. நடு சீட்டில் என் அண்ணன் மகள் சுதா. அவள் பக்கத்தில் நான், பழனிச்சாமி. வாழைத்தார் வெட்டுகிற வேலை. ஓட்டியவர் சத்தியமங்கலம் பஷீர் பாய், வேன் அவருடையது. நான்கு பேர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு ஊஞ்சக்காட்டூரை விட்டுக் கிளம்பினோம். கோயமுத்தூரில் ஒரு நாடகம். நடிக்கிறவர்கள் எல்லோரும் ஜெயில் கைதிகள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நடிக்கிறவர்களில் என் அண்ணன் ரங்கசாமியும் ஒருவர். ஆயுள் தண்டனை. எட்டு வருஷம் முடிந்துவிட்டது. அவர் வெட்டிக் கொன்றது சரஸ்வதி அக்காவின் வீட்டுக்காரரை. மடைத் தண்ணீர் தகராறு.

அப்படியிருக்க அந்த அக்கா ஏன் எங்களோடு வந்தார் என்று கேட்கலாம். சுதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு வர அண்ணன் ஜெயிலில் மூன்று நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊருக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், இறந்தவர் வீட்டில் வேண்டாம் என்றால் லீவு கிடைப்பது கஷ்டம் என்றார். நான் அக்கா வாசலில் போய் நின்றேன்.

"முகத்தைப் பாக்காம என்னத்தச் சொல்றது பழனி? பாத்துபோட்டுச் சொல்றேன்" என்றார்.

ஜெயிலுக்கு மனுப் போட்டுக் கூட்டிப் போகிறேன் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னா யாரும் பாவமாத்தான் தெரிவாங்க" என்றார். நாடகம் என்றதும் சரி என்றார். திங்கட்கிழமை போலீஸ்காரர் மறுபடி வருவார். அதற்குள் அக்கா முடிவு சொல்ல வேண்டும்.

சத்தியமங்கலம் ஏழரை. புளியம்பட்டியில் இட்லி சாப்பிட்டோம். அக்கா தன்னுடையதற்குத் தானே காசு கொடுத்தார். அன்னூர் தாண்டி, கோவில்பாளையம் தாண்டி, கணபதி வந்தபோது ஒன்பதே முக்கால். சிக்னலில் மாட்டிக்கொண்டோம்.

"இங்க நிக்கற நேரத்துல ஒரு தார் பழுத்துரும் பழனி" என்றார் பஷீர் பாய்.

"அதுக்கு முந்தி உங்க வண்டி பழுத்துருமுங்க" என்றேன்.

சுதா சிரித்தாள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கம் காந்திபுரத்திலிருந்து பத்து நிமிஷ நடை தூரத்தில், ஒரு கல்லூரிக்குள் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து மீட்டரில் எழுபத்தெட்டு கிலோமீட்டர். வண்டி நிறுத்த நாற்பது ரூபாய். உள்ளே போக ஒன்றும் இல்லை. ஆதார் அட்டை பார்த்தார்கள். போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் போலீஸ். பின்வாசலில் நீல வேன் நின்றது. மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது.

அக்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, மடியில் கடலைப் பொட்டலம். பல்லடம் பக்கம் போல. பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு உள்ளே யாருங்க? எனக்கு என்ற மகனுங்க, கெழவி வேசம்."

"கண்டக்டர் வேசம்" என்றார் அக்கா. அது சுதா சொல்லித் தெரியும்.

"ஊட்டுக்காரருங்களா?"

"இல்லீங்க. என்ற ஊட்டுக்காரரைக் கொன்னவரு."

அந்த அம்மா பொட்டலத்தை நீட்டினார். "கடலை எடுத்துக்கோங்க." அக்கா எடுத்துக்கொண்டார்.

பதினொன்றுக்கு ஆரம்பித்தது. நாடகம் அவர்களே சேர்ந்து செய்தது. மேடையில் இரண்டிரண்டாகப் போட்ட நாற்காலிகள்தான் பஸ். சோற்றுப் பானை மூடிதான் ஸ்டியரிங். பதினான்கு பேர் ஏறினார்கள். எங்கே போகிற பஸ் என்று ஒருவருக்கும் தெரியாது. போர்டு இல்லை. ஆளாளுக்குத் தன் ஊருக்குப் போகிறது என்று ஏறியிருக்கிறார்கள். சண்டை அதில்தான்.

அண்ணன் காக்கிச் சட்டையில் வந்தார். இளைத்திருந்தார். காது ஓரம் நரை. சுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அசையவில்லை. கண் மட்டும் அவர் பின்னாலேயே போனது.

டிக்கெட் இல்லாத கிழவியைக் கண்டக்டர் மிரட்டி இறக்கிவிட வேண்டும். அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு போனார்.

"யாரு நீங்க? டிக்கெட்டு எங்கீங்க? எறங்குங்க ஆத்தா!"

கூட்டம் சிரித்தது. டிரைவர் வேஷக்காரர் திரும்பிப் பார்த்தார். "யோவ், நீ கண்டக்டரா, கல்யாண ஊட்டுல சந்தனம் குடுக்கற ஆளா? மரியாதை இல்லாம பேசுய்யா."

அண்ணன் மறுபடி போனார். "அடியே கெழவி, எறங்குடி... ங்க."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் சிரித்தார். சுதா வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். பிறகு அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் கையில் கடலை அப்படியே இருந்தது.

கடைசியில் ஒவ்வொருவராக எழுந்து தன் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லி இறங்கினார்கள். வேஷத்தில் இருக்கும் ஊர் அல்ல, அவர்களுடைய சொந்த ஊர். திங்களூர். பல்லடம். காங்கேயம். ஒருவர் உக்கடம் என்றதும் பின்வரிசையில் விசில். டிரைவர் தாராபுரம் என்று இறங்கி உள்ளே போனார். நாற்காலிகள் காலி. அண்ணன் மட்டும் நின்றார்.

உள்ளேயிருந்து டிரைவரின் குரல் வந்தது. "கண்டக்டர், உன் ஸ்டாப்பு எது?"

அண்ணன் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்தார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மூன்றாவதில் கண் நின்றது. அக்கா வருவது அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

"உன் ஸ்டாப்பு எதுய்யா?" குரல் மறுபடி கேட்டது.

அண்ணன் தோளில் இருந்த கண்டக்டர் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அதுதான் முடிவு போல என்று கூட்டம் எழுந்து கைதட்டியது.

வெளியே வரும்போது நாடகம் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மாவைப் பார்த்தேன். சின்ன வயசு. "அவரு ஊர் பேரைச் சொல்லணுங்க. ஒத்திகையில ஒரு நாள்கூட விட்டதில்லை. இன்னைக்கு என்னமோ சொல்லாம விட்டுட்டார்" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா கேட்டுக்கொண்டார்.

சுதா நீல வேன் பக்கம் ஓடினாள். ஒரு பெண் போலீஸ் கையை நீட்டித் தடுத்தார். "இங்க பேசக்கூடாது கண்ணு. மனுப் போட்டு வா." அண்ணன் ஏறும்போது ஒரு தடவை திரும்பினார். சுதாவைப் பார்த்தார். வேன் கிளம்பிவிட்டது.

ஒரு மணிக்குத் திரும்பினோம். இரண்டேகாலுக்கு அன்னூரில் டீ. டம்ளர் பதினைந்து ரூபாய். கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அக்கா பேசினார்.

"எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை பழனி. அன்னைக்கும் உங்கண்ணன் அப்படித்தான் கூப்பிட்டாரு. 'ஏனுங்க மச்சான், மடையை அடச்சுபோட்டீங்களாமா'ன்னு. நான் உள்ளே ஒலையில அரிசி போட்டுட்டிருந்தேன். மரியாதையாத்தானே கேக்கறாரு, என்ன ஆயிரப்போகுதுன்னு வெளியே வரலை."

எட்டு வருஷத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சுதா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அத்தை, நீங்க வேண்டாம்னாலும் பரவால்லீங்க. அப்பா இல்லாமயே பண்ணிக்கறேன்."

"உன்னைய யாரு கேட்டாங்க அம்மணி? டீயைக் குடி, ஆறுது."

புளியம்பட்டி தாண்டினோம். பஷீர் பாய் ரேடியோவைப் போடக் கையைக் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டார். ஒரு மில்லைத் தாண்டி வளைவு வந்தபோது அக்கா முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"என்னையப் பாத்தாரு. பாத்ததும் நம்மூர் பேரு வாயில வரலை. சொல்லியிருந்தாருன்னா திங்கக்கிழமை வேண்டாம்னு எழுதிக் குடுத்திருப்பேன்."

வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"வரட்டும். மூணு நாளும் இருக்கட்டும். ஆனா என்ற ஊட்டு வாசல் வழியா வரக்கூடாது. கல்யாணத்துக்குப் போறப்பவும் கூடாது, திரும்பறப்பவும் கூடாது."

"சரிங்கக்கா" என்றேன். சுதா அழுதாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் வீட்டிலிருந்து கல்யாணம் நடக்கப்போகிற கோயில் மண்டபத்துக்கு ஒரே ரோடு. நானூறு மீட்டர் இருக்கும். நடுவில் அக்கா வீடு. அதை விட்டால் வாய்க்கால் மேட்டிலேயே கீழ்ப்பாலம் வரைக்கும் போய், அக்கரை ஏறி, தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு ஊரின் அடுத்த முனையில் நுழைய வேண்டும். அந்த வழியாக மண்டபத்துக்கு யாரும் போனதில்லை. எவ்வளவு தூரம் என்று எனக்கும் தெரியாது.

மூன்றே முக்காலுக்கு அக்காவை அவர் வாசலில் இறக்கினோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அளந்து பாத்துரலாமுங்க" என்றார் பஷீர் பாய். அண்ணன் வீட்டு முன்னால் நிறுத்தி மீட்டரைச் சைபருக்கு வைத்தார். சுதா முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால் மேட்டில் குழி அதிகம், மெதுவாகத்தான் போக முடிந்தது. மண்டபத்து வாசலில் வண்டி நின்றதும் படித்தாள்.

ஆறு கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர்.