வேப்பெண்ணெய் பூசிய பனஞ்சிலாகை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆண்டுகளும் மறந்துபோகின்றன. தொண்ணூற்றொன்றோ தொண்ணூற்றிரண்டோ, சண்டையால் யாழ்ப்பாணத்துக்குக் கம்பி வராத, சீமெந்தும் அருமையாகக் கிடைத்த காலம். நான் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தேன்.

அங்கே படிப்பித்த சேர் ஒருவர், கம்பிக்குப் பதிலாகப் பனஞ்சிலாகையை, பனைமரத்தில் கீறிய நீளத் துண்டுகளை, உள்ளே வைத்துக் கொங்கிரீட் பலகை வார்த்துப் பார்த்தார். வார்த்ததை ஈரச்சாக்கால் மூடி நாள்தோறும் தண்ணீர் விடுவது, அதாவது கியூரிங், என் பொறுப்பு.

"சரிவந்தால் ஒண்டு உங்களுக்கு, அக்கா" என்றார்.

என் மனிசன் லொறியிலிருந்து விழுந்து கால் இயங்காதவர். உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கும் கிணற்றடிக்கும் நடுவே வாய்க்கால். அவரை வைத்துத் தள்ளும் சில்லுக் கதிரை அதைத் தாண்டாது. மூன்று வருடமாகக் கட்டிலில் வைத்தே உடம்பு துடைத்துவிட்டேன். அது அவருக்குப் பெரிய வெட்கம்.

வார்ப்பதற்கு முதல்நாள் சிலாகைகளைப் பார்த்தேன். தண்ணீர் குடித்தால் பனை ஊதும், காய்ந்தால் சுருங்கும். அவருடைய முதுகு புண்ணாகாமல் பூசுகிற வேப்பெண்ணெயைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் தடவிவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் நாள் பாரம் ஏற்றினார்கள். பலகை பிளந்தது. சிலாகை முறியவே இல்லை. உறையிலிருந்து கத்தி வருவதுபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"பனை சரிவராது. விடுவம்" என்றார் சேர்.

வீட்டில் மனிசனிடம் சொன்னேன்.

"எண்ணெய் பூசினதைச் சேருக்குச் சொன்னனீரோ?"

"இல்லை. வேலை போயிடும்."

"போனால் போகட்டும். அந்தாள் பனையிலை பிழையெண்டெல்லே எழுதப்போகுது."

காலையில் கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். சேர் சிலாகையொன்றை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அதுதானே உந்த மணம். நான் உங்கடை கை மணமெண்டு நினைச்சன். அக்கா, உங்கடை மனிசன்ரை முதுகு வழுக்கவேணும். இது ஒட்டவேணும்."

"தண்ணி குடிச்சு ஊதுமெண்டுதான், சேர்."

"அது சரியான கதை. நான்தான் யோசிக்கேல்லை."

தார் உருக்கிப் பூசி, அதன்மேல் மணல் தூவி, மறுபடி வார்த்தோம். இம்முறை அவர் கணக்குப்போட்டதைவிடக் கூடுதலாகத் தாங்கியது. உடைக்காத பலகை ஒன்று எங்கள் வாய்க்காலுக்கு வந்தது.

"முதலிலை சேர் ஏறட்டும்" என்றார் என் மனிசன்.

சேர் ஏறி இரண்டுதரம் குதித்தார். பிறகு கதிரையைத் தள்ளினேன். கிணற்றடியில் தொட்டியை நான் நிரப்பி முடித்ததும், "இனி நீர் போம். நானே தண்ணி வார்ப்பன்" என்றார் மனிசன். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, பிழை விட்டது தெரிந்தால் அன்றைக்கே வாயைத் திறவுங்கள். நான் ஒருநாள் பிந்தினேன்.

கியூரிங் இருபத்தெட்டு நாளோ, இருபத்தொன்றோ, தாருக்கு எவ்வளவு மணல் தூவினோமோ, சேரிடம் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். எண்ணெய் பூசியது நான்தான். அதைத் திருத்த வேண்டாம்.